உறைகரு மாற்றம்: இயற்கைச் சுழற்சியா, மாத்திரைச் சுழற்சியா?

சோதனைக்குழாய் முறையில் (ஐ.வி.எஃப்.) உருவாக்கி உறைய வைத்த கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாள் நெருங்கும்போது தம்பதிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எத்தனை கரு வைப்பீர்கள், எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், மாடிப்படி ஏறலாமா, பப்பாளி சாப்பிடலாமா. கருப்பையை எந்த முறையில் தயார் செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர்கள் அரிது. கேட்க வாய்ப்பும் கிடைப்பதில்லை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போதே சீட்டில் 'எஸ்ட்ரடையால் வாலரேட் 2 மி.கி., 1-1-1' என்று எழுதியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை: காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. அந்த மூன்று ஒன்றுகளை எழுதிய நொடியிலேயே ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தது நீங்கள் அல்ல.

குழந்தை பிறக்கும் வாய்ப்பை அந்த முடிவு பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் கர்ப்பத்தின் பின்பாதியில் தாயின் ரத்த அழுத்தம் ஏறுமா, பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போகும் என்பவற்றோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகக் கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் இதைக் கேட்டுத் தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதாமாதம் ஒழுங்காகக் கருமுட்டை வெளியாகும் பெண்ணுக்கு அவளுடைய சொந்தச் சுழற்சியில்தான் கருவை வைக்க வேண்டும். மாத்திரைதான் வேண்டும் என்றால் அதற்கான காரணத்தை மருத்துவமனை சொல்ல வேண்டும்.

முதலில் முறைகள். எந்த முறையானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: கருப்பையின் உட்சவ்வு போதிய தடிமனுக்கு வளர வேண்டும், பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் பட்டுப் பக்குவமாக வேண்டும், அந்தப் பக்குவத்தின் சரியான நாளில் கரு உள்ளே போக வேண்டும்.

இயற்கைச் சுழற்சியில் இந்த வேலையைச் சினைப்பையே செய்கிறது. வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, சவ்வு வளர்கிறது, பை வெடித்து முட்டை வெளியேறுகிறது, காலியான பை புரோஜெஸ்டிரான் சுரக்கத் தொடங்குகிறது. மருத்துவர் செய்வது கவனிப்பது மட்டும். சில ஸ்கேன்கள், முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் எப்போது ஏறுகிறது என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ ஒரு சோதனை, அதிலிருந்து நாள் எண்ணிக் கருவை வைப்பது. முட்டைப்பை 16 முதல் 18 மி.மீ. வரை வளர்ந்ததும் எச்.சி.ஜி. ஊசி போட்டு வெடிக்கும் நேரத்தை நாமே குறித்தால் அது திருத்திய இயற்கைச் சுழற்சி. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த கருவை வழக்கமாக அந்த ஊசிக்கு ஏழாம் நாள் வைக்கிறார்கள். அந்த ஊசியில் இருப்பதும் வீட்டில் கர்ப்பம் பார்க்கும் அட்டை கண்டுபிடிப்பதும் ஒரே ஹார்மோன். பொறுக்க முடியாமல் சீக்கிரம் சோதித்துப் பார்த்து இரண்டு கோடு கண்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். அது ஊசி போட்ட கோடாக இருக்கலாம்.

மாத்திரைச் சுழற்சியில், மருத்துவமனைகள் 'எச்.ஆர்.டி. சைக்கிள்' என்று சொல்வதில், சினைப்பைக்கு வேலையே இல்லை. வெளியிலிருந்து தரும் ஈஸ்ட்ரோஜன் மூளையின் சமிக்ஞையை அடக்கிவிடுவதால் அந்த மாதம் முட்டை வளராது. பத்துப் பதினான்கு நாளில் சவ்வு 7 மி.மீ.-க்கு மேல் வந்ததும் புரோஜெஸ்டிரான் தொடங்கும்: பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, அல்லது இடுப்பில் போடும் எண்ணெய் ஊசி, அல்லது இரண்டும். கரு ஒட்டிக்கொண்டால் இரண்டு மருந்தும் பத்து, பன்னிரண்டு வாரம் வரை தொடரும். நடுவில் நிறுத்த முடியாது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை அந்தக் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் முழுவதும் மருந்துக்கடையிலிருந்து வருவது.

இரண்டுக்கும் நடுவில் லெட்ரசோல். மாதவிலக்குத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் தந்து முட்டை வளரத் தூண்டுவது. முட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளியாகாத ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

மாத்திரைச் சுழற்சி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இன்றைய நிலைமை சற்று விசித்திரமாகத் தெரியும். இளம் வயதிலேயே சினைப்பை செயலிழந்த ஒரு பெண்ணுக்குத் தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் குழந்தை பிறந்ததை 1984இல் மெல்போர்னின் மோனாஷ் குழுவினர் அறிவித்தார்கள். அவருக்குச் சொந்த ஹார்மோன் இல்லாததால் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரானையும் வெளியிலிருந்து கொடுத்தார்கள். சினைப்பை வேலை செய்யாதவர்களுக்கான அருமையான தீர்வு அது. நன்றாக வேலை செய்யும் சினைப்பையை அடக்கிவிட்டு அதே மருந்தைக் கொடுப்பது எப்படி வழக்கமாயிற்று என்றால், அதற்குப் பெரும்பங்கு காரணம் கால அட்டவணை. மாத்திரையில் தேதியை நகர்த்தலாம், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கலாம், பத்துப் பேரை ஒரே வாரத்துக்குக் கொண்டுவரலாம். கருவியலாளர் மாதத்தில் சில நாள் மட்டும் வந்து போகும் சிறு நகர மையங்களில் இது இல்லாவிட்டால் வேலையே நடக்காது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அது மையத்தின் தேவை என்பதை நோயாளியிடம் மறைக்கக் கூடாது.

நம் நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையே இயற்கைச் சுழற்சியில் வைத்த உறைகருவில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், 53 நாள் உறைநிலையில் வைத்திருந்த கருவைத் தாயின் பின்னொரு இயற்கைச் சுழற்சியில் வைத்தார். 1978 அக்டோபர் 3 அன்று துர்கா பிறந்தாள். அன்றைய மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தச் சாதனையை முதலில் செய்தவர் என அதுவரை கருதப்பட்ட டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்து, 1997இல்தான் அவரே முதலில் செய்தவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இப்போது உடலுக்குள் என்ன வேறுபடுகிறது என்பதற்கு வரலாம். இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

முட்டை வெளியேறிய பின் எஞ்சும் பைக்குக் கார்ப்பஸ் லூட்டியம் என்று பெயர். அது புரோஜெஸ்டிரான் மட்டும் சுரப்பதாகத்தான் நீண்டகாலம் நினைத்து நடந்துகொண்டோம். அதனால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் போதும் என்று கருதினோம். ஆனால் அது ரிலாக்சின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் ஓடும் ரிலாக்சினுக்கு அதுதான் மூலம். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் ரத்தக்குழாய்கள் தளர்வதிலும், இதயம் கூடுதல் ரத்தத்தை இறைப்பதிலும், சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. மாத்திரைச் சுழற்சியில் முட்டை வெளியாகவில்லை. எனவே கார்ப்பஸ் லூட்டியம் இல்லை. எனவே ரிலாக்சினும் இல்லை. கரு அதே கருதான், கருப்பையும் அதே கருப்பைதான். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லவில்லை என்பது போல, கருப்பையைத் தயார் செய்துவிட்டுத் தாயின் ரத்த ஓட்டத்தைத் தயார் செய்ய மறந்துவிட்டோமோ என்பதுதான் ஆய்வாளர்களின் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மாத்திரைச் சுழற்சியில் கருத்தரித்தவர்களில் 12.8 சதவீதம் பேருக்கும், திருத்திய இயற்கைச் சுழற்சியில் கருத்தரித்தவர்களில் 3.9 சதவீதம் பேருக்கும் பிரீஎக்ளாம்சியா வந்திருந்தது. இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் ஏறி, அதோடு சிறுநீரில் புரதம் கழிவதோ கல்லீரல், சிறுநீரகம், ரத்தத்தட்டுகள் பாதிக்கப்படுவதோ சேரும் நிலை அது. முற்றினால் வலிப்பு வரலாம். குழந்தையை வெளியே எடுப்பதே முழுத் தீர்வு என்பதால், குறைமாதப் பிரசவங்களில் கணிசமானவற்றுக்கு அதுவே காரணமாகிறது.

அந்த ஆய்வு சிறியது. அதே ஆண்டு வெளியான ஸ்வீடன் ஆய்வு பெரியது. உறைகரு மூலம் ஒற்றைக் குழந்தையாகப் பிறந்த சுமார் 9,700 பிரசவங்களை நாட்டின் பதிவேடுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு இயற்கைச் சுழற்சியில் 6.1 சதவீதம், மருந்து தந்து முட்டை வளரத் தூண்டிய சுழற்சியில் 6.6 சதவீதம், மாத்திரைச் சுழற்சியில் 10.5 சதவீதம். பிரசவத்துக்குப் பின் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு இயற்கையில் 7.9 சதவீதம், மாத்திரையில் 19.4 சதவீதம். நூறு பெண்களை நிறுத்தி எண்ணினால், ரத்த அழுத்தத்தில் கூடுதலாக நான்கு பேர், ரத்தப்போக்கில் கூடுதலாகப் பதினொன்று அல்லது பன்னிரண்டு பேர். எல்லோருடைய பேச்சும் ரத்த அழுத்தத்தைச் சுற்றியே இருந்தாலும் இரண்டாவது எண்தான் என்னை அதிகம் உலுக்கியது. பிரசவ ரத்தப்போக்கு நம் ஊரில் தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முன்னணிக் காரணங்களில் ஒன்று. ரத்தசோகையோடு பிரசவ அறைக்குள் போகும் பெண்கள் இங்கே ஏராளம். ஸ்வீடனில் ஒரு லிட்டர் இழப்பதும், ஹீமோகுளோபின் 9 உள்ளவர் இரவு இரண்டு மணிக்கு ரத்த வங்கி இல்லாத ஊரில் ஒரு லிட்டர் இழப்பதும் ஒன்றல்ல.

இந்தத் தூண்டிய சுழற்சி எண்ணைக் கவனியுங்கள். 6.6 என்பது இயற்கையை ஒட்டியே நிற்கிறது. மருந்து கொடுத்தாலும் முட்டை வெளியானால், அதாவது கார்ப்பஸ் லூட்டியம் உருவானால், அபாயம் ஏறவில்லை. மருந்து தருவதால் வரும் கோளாறு இல்லை இது, கார்ப்பஸ் லூட்டியம் இல்லாததால் வருவது என்ற வாதத்துக்கு இது பொருந்திப் போகிறது.

ஜப்பானின் 2014ஆம் ஆண்டுப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்விலும் போக்கு அதேதான்: ரத்த அழுத்தக் கோளாறு இயற்கையில் 3.0, மாத்திரையில் 4.0 சதவீதம். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் நிலை 0.1க்கு எதிராக 0.9 சதவீதம், எண் சிறியது, வந்துவிட்டால் கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் மாத்திரைச் சுழற்சியில் குறைவாக இருந்தது, 3.3க்கு எதிராக 1.5. எனக்குச் சாதகமாக இல்லாத எண் என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாத்திரைச் சுழற்சி யாருக்குக் கொடுக்கப்படுகிறது? பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு, எடை கூடியவர்களுக்கு, தானமுட்டை பெறுபவர்களுக்கு. இவர்களுக்கு எப்படிக் கருத்தரித்தாலும் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் பழியை முறைமேல் போடுவது சரியா? ஆய்வாளர்கள் வயது, எடை போன்றவற்றைக் கணக்கில் கழித்துத்தான் பார்த்தார்கள். ஸ்வீடனில் கழித்த பிறகும் இயற்கைச் சுழற்சியோடு ஒப்பிட்ட ரத்த அழுத்தக் கோளாறின் வாய்ப்பு விகிதம் 1.78 ஆக நின்றது (1 என்றால் வேறுபாடு இல்லை). இருந்தாலும் பதிவேட்டு ஆய்வால் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வுதான் இதற்குச் சரியான வழி.

அப்படியொரு பெரிய ஆய்வு வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நடந்து 2024இல் லான்செட் இதழில் வந்தது. மாதவிலக்கு ஒழுங்காக வரும் 1,428 பெண்களை மூன்றாகப் பிரித்து, இயற்கை, திருத்திய இயற்கை, மாத்திரை என்று கொடுத்தார்கள். ஒரு முறை கருமாற்றத்தில் உயிருடன் குழந்தை பிறந்தது முறையே 37, 33, 34 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். ரத்த அழுத்தச் சிக்கலில் தீர்ப்புச் சொல்வது அந்த ஆய்வின் முதன்மை நோக்கம் அல்ல. அதற்கு இன்னும் பல மடங்கு பெண்கள் வேண்டும். ஆனால் மாத்திரைச் சுழற்சியை ஆதரிப்பவர்கள் கையிலிருந்த பெரிய வாதத்தை அது பறித்துவிட்டது. 'மாத்திரையில் வெற்றி அதிகம்' என்று மாதவிலக்கு ஒழுங்காக உள்ள ஒருவரிடம் யாராவது சொன்னால், எந்த எண்ணை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம்.

வெற்றி சமம், ஒரு பக்கம் அபாயம் கூடுதலாக இருப்பதாகச் சான்று, மறுபக்கம் வசதி. என் கணக்கு இதுதான். அந்தச் சான்று முழுமையடையவில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், இயற்கைச் சுழற்சியைத் தேர்ந்தெடுப்பதால் தாய்க்கு இழப்பு என்ன? சில ஸ்கேன்கள், சில நாள் நிச்சயமின்மை.

அந்த இழப்பைச் சின்னதாக்கவும் எனக்கு மனமில்லை. விடுப்புக் கேட்க முடியாத வேலையில் இருப்பவருக்கும், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து ஸ்கேன் பார்த்துத் திரும்புபவருக்கும் 'நாளை மறுநாள் மறுபடி வாருங்கள்' என்பது சாதாரணப் பேச்சு அல்ல. முட்டை எதிர்பார்த்ததற்கு முன்பே வெடித்துவிட்டதால் அந்த மாதம் கைவிடப்படுவதும் இயற்கை முறையில்தான் அதிகம் நடக்கிறது. திருத்திய இயற்கைச் சுழற்சி இதை ஓரளவு சரிசெய்துவிடும். முட்டை வெடிக்கும் முன்பே, சவ்வு தயாரானதும் புரோஜெஸ்டிரானைத் தொடங்கிவிட்டு, முட்டை வெளியாவதைத் தடுக்காமல் விடும் புதிய முறையும் சில மையங்களில் வந்திருக்கிறது. தேதியும் கையில் இருக்கும், கார்ப்பஸ் லூட்டியமும் இருக்கும். அதற்கான சான்றுகள் இப்போதுதான் சேர்கின்றன.

மாதவிலக்கு ஒழுங்காக வராத பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு இயற்கைச் சுழற்சி என்பது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய். முட்டை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இவர்களைத்தான் யோசிக்காமல் மாத்திரைக்கு அனுப்புகிறோம், ரத்த அழுத்த அபாயம் ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களும் இவர்களே. 2016இல் சீனாவில் பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் உறைய வைக்காத புதிய கருவையும் உறைகருவையும் ஒப்பிட்ட ஆய்வில், உறைகருவில் குழந்தை பிறந்தது 49.3 சதவீதம், புதிய கருவில் 42.0, சினைப்பை வீங்கும் ஆபத்து 7.1இலிருந்து 1.3ஆகக் குறைந்தது. ஆனால் பிரீஎக்ளாம்சியா 1.4இலிருந்து 4.4ஆக ஏறியது. உறைகருவின் லாபத்தை வைத்துக்கொண்டு நட்டத்தைக் குறைக்க முடியுமா என்றால், இவர்களுக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டியது லெட்ரசோல் என்பேன். மலட்டுத்தன்மை சிகிச்சைக்கு இந்த மருந்தை இந்தியா 2011இல் தடை செய்து 2017இல் தடையை நீக்கியது. அந்தப் பழைய பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்து அது. கரு வைக்கும் நாளில் இருக்காது.

மாத்திரைச் சுழற்சியே சரி என்று நானும் சொல்லும் இடங்கள் உண்டு. மாதவிலக்கு நின்றுவிட்டவர்கள், சினைப்பை செயலிழந்தவர்கள், லெட்ரசோலுக்கும் முட்டை வராதவர்கள், கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் அல்லது கருப்பைத் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸுக்காக ஓரிரு மாதம் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்கள், தூரத்தாலோ வேலையாலோ வேறு வழியில்லாதவர்கள். மாறாக, ரத்தக்கட்டி வந்த வரலாறு உள்ளவர்களும் கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையே எடுப்பதானால் கருமாற்றத்தையொட்டி ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு சொந்தமாகச் சுரக்காத நிலையில், வைத்த மாத்திரை போதுமான அளவு உள்ளே போயிற்றா என்று தெரிய வேறு வழியில்லை. அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பல மையங்கள் ஊசியைச் சேர்க்கின்றன.

முறையைவிடப் பெரிய அபாயம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: இரட்டைக் கரு. 'இவ்வளவு செலவு செய்கிறோம், இரண்டாக வைத்துவிடுங்கள்' என்று குடும்பமே கேட்பது இங்கே சாதாரணம். இரட்டைக் கர்ப்பத்தில் பிரீஎக்ளாம்சியா, ரத்தப்போக்கு, குறைமாதம் மூன்றும் ஏறும். இயற்கைச் சுழற்சியைக் கேட்டு வாங்கிவிட்டு இரண்டு கருவை வைத்தால், கிடைத்த லாபத்தை அங்கேயே தொலைத்துவிடுகிறோம்.

ஏற்கெனவே மாத்திரைச் சுழற்சியில் கருத்தரித்து இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். நூற்றில் தொண்ணூறு பேர் அளவுக்கு ரத்த அழுத்தக் கோளாறு இல்லாமலேயே பிரசவிக்கிறார்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஐ.வி.எஃப். மையத்திலிருந்து பிரசவ மருத்துவரிடம் மாறும்போது தரும் கடிதத்தில் பெரும்பாலும் 'உறைகரு மாற்றம்' என்று மட்டும் இருக்கும். எந்தச் சுழற்சி என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 12 வார வாக்கில் ஆஸ்பிரின் தொடங்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆபத்து அதிகமுள்ள பெண்களிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின், 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்ளாம்சியாவை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைத்தது. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் அதில் பயன் அதிகம். ஹீமோகுளோபினை ஏழாம் மாதத்துக்குள் ஏற்றிவிட்டு, ரத்தம் ஏற்றும் வசதி உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் 20 வாரத்திலிருந்து வாரத்துக்கு இருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்த நாளில் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.